நகர்பேசிகளில் அதிவேகத் தரவிணைப்புகளின் ஒத்தியக்கம்

அதிவேகத் தரவிணைப்புகளின் ஒத்தியக்கம் என்பது, ஒரு சில்லு அனுப்பும் ஒவ்வொரு பிட்டையும் மற்றொரு சில்லு சரியான கணத்தில் படிக்கும்படி இரண்டின் நேரக்கணிப்பையும் பொருத்தி வைத்தல் ஆகும். நகர்பேசி போன்ற, மின்கலத்தில் இயங்கும் கருவிகளில் ஒளிப்பட உணரி, காட்சித்திரை, நினைவகம் ஆகியவை இத்தகைய இணைப்புகள் மூலம் முதன்மைச் செயலியுடன் இணைக்கப்படுகின்றன. இக்கருவிகளில் ஒத்தியக்கத்தை ஏற்படுத்தினால் மட்டும் போதாது. தரவு இல்லாதபோது மின்திறனைச் சேமிப்பதற்காக அதனைக் கைவிடவும், தேவைப்படும்போது விரைவாக மீட்கவும் வேண்டும்.

சிக்கல்

விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட் கம்பியில் நிலைத்திருக்கும் நேரம் 1 நானோவிநாடி மட்டுமே. அதன் நடுப்பகுதியில் படித்தால் அது 0 அல்லது 1 என்பது ஐயமின்றித் தெரியும். ஒரு பிட் மற்றொன்றாக மாறும் ஓரத்தில் படித்தால் பிழை நேரும். எனவே எப்போது படிக்க வேண்டும் என்பதைக் காட்டும் கடிகாரக் குறிகை (சமிக்ஞை) பெறும் சில்லுக்குத் தேவைப்படுகின்றது.

ஆனால் கடிகாரக் குறிகையை ஓயாது இயக்குவது மின்திறனை வீணாக்கும். 100 ஓம் தடையில் 200 மில்லிவோல்ட் வேறுபாட்டைப் பேணுவதற்கு 2 மில்லிஆம்பியர் மின்னோட்டம் தேவை. பயனுள்ள தரவு செல்லாவிட்டாலும் இம்மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும்.

கடிகாரத்தை உடன் அனுப்பும் முறை

2003 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மிப்பி கூட்டமைப்பு உருவாக்கிய டி-ஃபை என்னும் சீர்தரம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இதில் தரவுத் தடங்களுடன் கடிகாரத்திற்கெனத் தனியாக ஓர் இணைக் கம்பித் தடம் உள்ளது. கடிகாரக் குறிகையின் ஏறு விளிம்பு, இறங்கு விளிம்பு ஆகிய இரண்டிலும் ஒவ்வொரு பிட் படிக்கப்படுவதால், 1 கிகாபிட் வேகத்திற்கு 500 மெகாஏர்ட்சு கடிகாரம் போதுமானது. விளிம்புகள் பிட்டின் நடுவில் விழும்படி கடிகாரம் கால் சுழற்சி தள்ளி அனுப்பப்படுகின்றது.

டி-ஃபை இருவகை நிலைகளைக் கொண்டது. அதிவேக நிலையில் குறிகையின் அளவு ஏறத்தாழ 200 மில்லிவோல்ட் ஆகும். குறைதிறன் நிலையில் இரு கம்பிகளும் தனித்தனியே 0 அல்லது 1.2 வோல்ட்டில் இயங்குகின்றன. அப்போது முடிவுத் தடை துண்டிக்கப்படுவதால் மின்னோட்டம் மிகக் குறைவாகும். இந்நிலையில் தரவு வேகம் விநாடிக்கு 10 மெகாபிட்டுக்கு மேற்படாது.

விழித்தெழும் வரிசை

ஓய்வில் தரவுத் தடத்தின் இரு கம்பிகளும் உயர் மின்னழுத்தத்தில் இருக்கும். அதிவேக நிலைக்கு மாறும்போது முதலில் ஒரு கம்பியும் பின்னர் மற்றொன்றும் தாழ்கின்றன. அதன்பின் தொடர்ச்சியாக 0 அனுப்பப்பட்டு, இறுதியில் 00011101 என்னும் ஒத்தியக்கத் தொடர் வருகின்றது. அத்தொடரைக் கண்டறிந்த பெறும் சில்லு, அடுத்து வரும் பிட்டை முதல் பைட்டின் தொடக்கமாகக் கொள்கின்றது.

கடிகாரத் தடமும் ஓய்வில் இருந்திருந்தால் அதனையே முதலில் எழுப்ப வேண்டும். அதன் ஆயத்தத்திற்குக் குறைந்தது 300 நானோவிநாடி தேவை. தரவுத் தடத்தின் ஆயத்தத்திற்குக் குறைந்தது 145 நானோவிநாடியும் 10 பிட் காலமும் தேவை. பிற இடைவெளிகளையும் சேர்த்தால், 1 கிகாபிட் வேகத்தில் முதல் பைட் வருமுன் 500 நானோவிநாடிக்கு மேல் கழிந்துவிடும். ஒரு தடத்தில் 100 பைட் அனுப்ப ஆகும் நேரமோ 800 நானோவிநாடி மட்டுமே. எனவே சிறுசிறு துண்டுகளாக அனுப்புவது இலாபகரமானதன்று. தரவைத் திரட்டி ஒரே வீச்சில் அனுப்பிவிட்டு நீண்ட நேரம் ஓய்வெடுப்பதே சிக்கனமாகும். சொந்த நினைவகம் கொண்ட காட்சித்திரைகளில், படம் மாறாதவரை இணைப்பு முழுவதுமாக ஓய்வில் இருக்க முடிகின்றது.

தடங்களுக்கிடையிலான நேரவழு

மின்சுற்றுப் பலகையில் குறிகை ஒரு நானோவிநாடியில் ஏறத்தாழ 15 செ.மீ. செல்லும். கடிகாரக் கம்பியும் தரவுக் கம்பியும் 1.5 செ.மீ. நீளத்தில் வேறுபட்டால் 0.1 நானோவிநாடி வழு ஏற்படும். 1 கிகாபிட் வேகத்தில் இது பிட் காலத்தின் பத்தில் ஒரு பங்கு, 2.5 கிகாபிட் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு. இதனால் 2014 இல் வெளியான டி-ஃபை 1.2 பதிப்பில், 1.5 கிகாபிட்டுக்கு மேற்பட்ட வேகங்களுக்கு வழுத்திருத்த முறை சேர்க்கப்பட்டது. 0, 1 என மாறிமாறி வரும் தொடரை அனுப்பி, பெறும் சில்லு ஒவ்வொரு தடத்தின் தாமதத்தையும் சரிசெய்து கொள்கின்றது.

கடிகாரத்தைத் தரவில் பொதியும் முறைகள்

2011 இல் வெளியான எம்-ஃபை சீர்தரத்தில் 8 பிட்டுகள் 10 பிட்டுகளாகக் குறியாக்கம் செய்யப்பட்டன. இதனால் ஒரே மதிப்பு தொடர்ந்து 5 முறைக்கு மேல் வராது. அடிக்கடி நிகழும் மாற்றங்களிலிருந்து பெறும் சில்லு கடிகாரத்தை மீட்டெடுக்கின்றது. கடிகாரத் தடம் மிச்சமாகின்றது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு பிட்டுகள் குறியாக்கத்திற்கே செலவாகின்றன, மீட்புச் சுற்றும் தனியே மின்திறனைக் கொள்கின்றது. யூஎஃப்எஸ் நினைவகங்கள் எம்-ஃபையைப் பயன்படுத்துகின்றன.

2014 இல் வெளியான சி-ஃபை மூன்று கம்பிகளைக் கொண்டது. ஒவ்வொரு குறியீட்டிலும் கம்பிகளின் நிலை மாறியே ஆக வேண்டும் என்பது இதன் விதி. அம்மாற்றமே கடிகாரமாகின்றது. ஒவ்வொரு முறையும் 5 மாற்றங்கள் இயலுமாதலால் 7 குறியீடுகளில் 78,125 வகைகள் கிடைக்கின்றன. இது 16 பிட்டுகளைக் குறிக்கத் தேவையான 65,536 ஐ விட அதிகமாகும்.

ஒத்தியக்கம் தவறுதல்

ஒத்தியக்கத் தொடர் தவறினால் அவ்வீச்சு முழுவதும் பயனற்றதாகும். சிஎஸ்ஐ-2 எனப்படும் ஒளிப்பட உணரி இணைப்பில் பிழையைக் கண்டறியும் ஏற்பாடு உண்டு. மீண்டும் அனுப்பும் ஏற்பாடு இல்லை. ஆகவே படத்தில் ஒரு வரி இழக்கப்படலாம். யூஎஃப்எஸ் இணைப்பிலோ பழுதான தரவு மீண்டும் அனுப்பப்படுகின்றது. சேமித்த கோப்பில் ஒரு பிட் மாறினாலும் கோப்பு பழுதாகக்கூடும். நகரும் படத்தில் ஒரு வரியின் இழப்பு அடுத்த படத்தால் மறைந்துவிடும்.