விரட்டாமலே விரட்டிய கதை: பர்மாவும் வடசென்னையும்

பர்மா பஜார் பக்கம் போய் அத்தோ சாப்பிடாதவர்கள் நம்மில் குறைவு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பிசைந்து கலந்தது என்ற பொருளுள்ள பர்மிய மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டால், "பர்மா அகதிங்க கொண்டு வந்தது" என்பார்கள். ஆனால் அரசாங்கக் காகிதங்களில் அவர்களுக்கு வேறு பெயர்: 'தாயகம் திரும்பியோர்'.

அகதி என்று சொன்னால், அவரைத் துரத்தியது யார் என்ற கேள்வி உடனே வரும். தாயகம் திரும்பியவர் என்று சொன்னால் அந்தக் கேள்வியே வராது. ஊருக்கு வந்துவிட்டார், சந்தோஷம், அவ்வளவுதான். இந்த ஒரு சொல் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு ராணுவ ஆட்சியும் ஒரு ஜனநாயக நாட்டின் மௌனமும் இருக்கின்றன என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

முதலில் கொஞ்சம் பழைய கதை

1937 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னைத் துறைமுகத்திலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவது, இன்று மும்பைக்கு ரயில் ஏறுவது மாதிரி. பாஸ்போர்ட் தேவையில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் சுமார் 10 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான்!

நமக்குப் பர்மா என்றதும் செட்டியார்கள் ஞாபகம்தான் வரும். அதில் தப்பில்லை. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்குப் போனது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. இதை மறைத்துவிட்டுப் பேசினால் வரலாறு ஆகாது.

ஆனால் அந்த 10 லட்சத்தில் பெரும்பாலோர் நிலச்சுவான்தார்கள் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைக் கூலிகள், குமாஸ்தாக்கள், சின்னக் கடைக்காரர்கள். 1942ல் ஜப்பான் படையெடுத்தபோது லட்சக்கணக்கானோர் நடந்தே இந்தியா வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பல ஆயிரம். 1948ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நில தேசியமயச் சட்டம் வந்தது, செட்டியார் நிலங்களின் கதை முடிந்தது. அதற்குப் பிறகும் அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். நம் கதை இவர்களைப் பற்றியது.

ஜெனரல் நே வின் வருகிறார்

1962 மார்ச் 2. ராணுவத் தளபதி நே வின், பிரதமர் ஊ நூவின் அரசைக் கவிழ்த்தார். அரசியல் சட்டம் போனது, நாடாளுமன்றம் போனது, 'புரட்சிக் கவுன்சில்' வந்தது. அதே ஆண்டு ஜூலை 7ல் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதாவது முதலில் அடி வாங்கியவர்கள் பர்மிய மாணவர்கள்தான்.

அடுத்து வந்தது 'சோஷலிசத்துக்கான பர்மியப் பாதை'. 1963ல் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச் மாதம் ரங்கூனில் கடைகள் அரசுடைமை, அடுத்த மாதம் நாடு முழுக்க. 1964 மே 17ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. 2016 நவம்பரில் நம் வீட்டில் பெரியவர்கள் வங்கி வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறதா? அதோடு கடையும் பறிபோய், வேலையும் போய், குடியுரிமையும் இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "இந்தியர்களே வெளியேறுங்கள்" என்று நே வின் ஓர் உத்தரவுகூடப் போடவில்லை. எல்லாச் சட்டமும் எல்லோருக்கும் பொது. ஆனால் ரங்கூன் கடைத்தெருவில் கடை வைத்திருந்தது பெரும்பாலும் யார்? இந்தியர்களும் சீனர்களும். சேமிப்பைப் பெரிய நோட்டாக வீட்டில் வைத்திருந்தது யார்? வியாபாரிகள். பலரிடம் இருந்தது வெளிநாட்டவர் பதிவு அட்டை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அரசு வேலையும் கிடைக்காது, எல்லாம் அரசுமயமான பிறகு தனியார் வேலையும் இல்லை. மிச்சம் இருந்தது கப்பல் ஒன்றுதான். அந்தக் கப்பலில் ஏறும்போதும் பணத்துக்கும் நகைக்கும் கடுமையான வரம்பு. அந்தச் சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

உகாண்டாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1972ல் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு வைத்தார். உலகமே பேசியது, இன்றும் பேசுகிறது. அமீன் விரட்டியது சில பத்தாயிரம் பேரை. நே வின் ஆட்சியில் வெளியேறியவர்கள் அதைவிடப் பல மடங்கு. ஆனால் கெடு இல்லை, உத்தரவு இல்லை, மேடைப் பேச்சு இல்லை. அதனால் செய்தியும் இல்லை.

டெல்லி என்ன செய்தது?

கப்பல் அனுப்பியது. அது உண்மை, நன்றியோடு சொல்ல வேண்டியதும் கூட. ஆனால் நே வினை எதிர்த்து உரக்கப் பேசவில்லை. ஏன்?

முதல் காரணம் சீனா. 1962 அக்டோபரில் சீனாவோடு போர், தோல்வி. பர்மாவோ 1960லேயே சீனாவுடன் எல்லை ஒப்பந்தம் போட்டு முடித்துவிட்டது. இந்த நிலையில் பர்மாவையும் பகைத்துக்கொண்டு பீக்கிங் பக்கம் தள்ளிவிட டெல்லிக்குத் துணிச்சல் இல்லை. போதாததற்கு நாகா போராளிகள் எல்லை தாண்டிப் போவதைத் தடுக்கப் பர்மிய ராணுவத்தின் தயவு வேண்டும்.

இரண்டாவது காரணம் கொள்கை. வெளிநாட்டில் குடியேறிய இந்தியர்கள் அந்தந்த நாட்டோடு ஒன்றிவிட வேண்டும் என்பது நேருவின் நிலைப்பாடு. தேசியமயமாக்கல் என்பதை எதிர்த்து வாதாட சோஷலிசம் பேசும் இந்தியாவால் எப்படி முடியும்? எல்லோருக்கும் பொதுவான சட்டம்தானே என்ற பதிலுக்கு டெல்லியிடம் மறுபதில் இல்லை.

நேரமும் ஒத்துழைக்கவில்லை. நோட்டு செல்லாத அறிவிப்பு வந்த பத்தாவது நாள், மே 27ல் நேரு காலமானார். சாஸ்திரி பிரதமரானார். அதே 1964 அக்டோபர் 30ல் இலங்கையுடன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று பங்கு பிரித்தார்கள். ஒரே ஆண்டில் இரண்டு நாட்டுத் தமிழர்களின் தலைவிதி தீர்மானமானது. இரண்டு இடத்திலும் அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதில் இன்னொன்றும் உண்டு: இலங்கையில் இருந்தது தேர்தலில் வென்ற அரசு, பர்மாவில் இருந்தது துப்பாக்கியில் வென்ற அரசு. நம் ஆட்களுக்கு முடிவு என்னவோ ஒன்றாகத்தான் வந்தது.

ஆய்வாளர்கள் சொல்வது

மேரி காலஹன் என்ற ஆய்வாளர் 2003ல் பர்மிய ராணுவத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உள்நாட்டுப் போரிலேயே வளர்ந்த ராணுவம், சொந்தக் குடிமக்களையே எதிரிகளாகப் பார்க்கப் பழகிவிட்டது என்பது அவர் வாதம். கெல்லி கிரீன்ஹில் 2010ல் எழுதிய புத்தகத்தில், திட்டமிட்டு மக்களை வெளியேற்றுவதை நோக்கத்தை வைத்து வகை பிரிக்கிறார். அடுத்த நாட்டை மிரட்ட வெளியேற்றுவது ஒரு வகை, சொத்தைப் பறிக்க வெளியேற்றுவது இன்னொரு வகை. பர்மா இரண்டாவது வகைக்குள் வரும் என்பது என் எண்ணம்.

ரெனோ எக்ரெட்டோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர், பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் நினைவுகளை ஆராய்ந்திருக்கிறார். அவர்கள் பேச்சில் பர்மா ஒரு தொலைந்துபோன சொர்க்கமாக வருகிறது என்கிறார். யோசித்தால் இதுவும் அந்தச் சொல்லின் விளைவுதானோ என்று தோன்றுகிறது. துரத்தியவன் பெயர் சொல்லப்படாத கதையில் மிஞ்சுவது ஏக்கம் மட்டும்தானே? 2024ல் அவினாஷ் பாலிவால், பர்மாவையும் கிழக்கு வங்கத்தையும் நம் வடகிழக்கையும் ஒரே வரலாறாகச் சேர்த்து எழுதியிருக்கிறார். டெல்லியின் மௌனத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பார்வை உதவும்.

வந்து இறங்கியவர்கள்

பலருக்குச் சென்னை 'தாயகம்' கிடையாது. அங்கேயே பிறந்தவர்கள், பர்மிய மொழியில் கணக்குப் போடுபவர்கள், பர்மியப் பெண்ணைக் கட்டியவர்கள். சொந்த ஊரில் நிலமும் இல்லை, அடையாளம் கண்டுகொள்ள ஆளும் இல்லை. வியாசர்பாடியில், எண்ணூர் பர்மா நகரில், இன்னும் திருச்சி, தஞ்சாவூர் என்று பல ஊர்களில் குடியிருப்புகள் உண்டாயின. மணலி சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர் அனல் மின் நிலையமும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. வடசென்னையின் தொழிற்பகுதியும் பர்மாத் தமிழர்களின் இரண்டாவது வாழ்க்கையும் ஒன்றாகத்தான் வளர்ந்தன.

1960களின் கடைசியில் துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையோரம் பர்மா பஜார் உருவானது. 1969ல் மத்திய அரசு இவர்களுக்காகவும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவும் ஒரு கூட்டுறவு நிதி நிறுவனம் தொடங்கியது. ரெப்கோ வங்கி என்று இன்று பெயர்ப்பலகையில் பார்க்கிறோமே, அதுதான். ஒட்ட முடியாதவர்களும் இருந்தார்கள். சிலர் மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கமாகவே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். 'தாயகத்துக்கு' வந்தவர்கள் எதற்காக அங்கிருந்து கிளம்பி நடக்க வேண்டும்?

பர்மியர்களுக்கு என்ன கிடைத்தது?

"வெளிநாட்டுக்காரன் போனான், நாடு நமக்கே" என்பதுதான் வாக்குறுதி. போருக்கு முன் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு, 1987 டிசம்பரில் உலகின் மிக ஏழை நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை நே வின் செல்லாமல் ஆக்கினார். இந்த முறை கப்பலேற இந்தியர்கள் இல்லை. சேமிப்பை இழந்தவர்கள் பர்மியர்கள். மறு ஆண்டு, 1988ல், நாடே தெருவுக்கு வந்தது. 1982 குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று தட்டாகப் பிரித்தது. ரோஹிங்கியாக்களுக்குப் பின்னால் நேர்ந்ததெல்லாம் நமக்குத் தெரியும். 2021 பிப்ரவரி 1ல் மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, மிசோரத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் ஓடி வந்தபோதும், டெல்லி ராணுவத்தோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. காரணங்களில் ஒன்று அதே பழைய காரணம், சீனா.

சர்வாதிகாரம் என்றால் கத்திக்கொண்டு மிரட்டும் ஒரு மனிதர் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது ஒரு சாதாரண அரசாணை வடிவத்தில், எல்லோருக்கும் பொது என்ற முகத்தோடு வரும். பக்கத்து நாடும் அதைப் பொதுச் சட்டம் என்று ஏற்றுக்கொண்டால், பாதிக்கப்பட்டவருக்குத் தான் பாதிக்கப்பட்டதைச் சொல்ல ஒரு சொல்கூட மிஞ்சாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பர்மாவிலிருந்து வந்த தாத்தா பாட்டி இருந்தால், அவர்களுடைய பழைய பதிவு அட்டை, கப்பல் சீட்டு, செல்லாத கியாட் நோட்டு எதையும் பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உத்தரவே இல்லாமல் நடந்த ஒரு வெளியேற்றத்துக்கு இருக்கிற சாட்சி அதுதான்.