தோமையார் நம் கரைக்கு வந்தாரா?



ஏசுநாதருக்குப் பன்னிரண்டு சீடர்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் 'சந்தேகத் தோமா' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. சிலுவையில் மாண்ட குரு உயிர்த்தெழுந்து வந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, ஆணி துளைத்த காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் அவர். என்னைக் கேட்டால் இந்தப் பட்டம் கொஞ்சம் அநியாயம். யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லால் அடித்துக் கொல்வார்கள் என்று சீடர்கள் தயங்கிய நேரத்தில், குருவோடு சேர்ந்து சாகவும் தயார் என்று பேசியவர் இதே தோமாதான். இரண்டு சம்பவங்களும் யோவான் நற்செய்தியில்தான் இருக்கின்றன. ஒன்று மட்டும் பிரபலமாகிவிட்டது!

சான்று கேட்ட அந்த மனிதரைப் பற்றித்தான் இன்று நாம் சான்று கேட்கிறோம். தோமையார் இந்தியாவுக்கு வந்தாரா? வந்தார் என்றால் எங்கே வந்தார்?

கேரள மரபு இப்படிச் சொல்கிறது. கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் கப்பல் இறங்கினார். கரையோரத்தில் ஏழு தேவாலயங்களை நிறுவினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் இருக்கும் அரப்பள்ளியையும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். பிறகு கிழக்கே வந்து, கி.பி. 72-இல் மயிலாப்பூரில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார்.

இதற்கு முதல் நூற்றாண்டு ஆவணம் ஏதாவது உண்டா? ஒன்றுகூட இல்லை. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கதை 'தோமாவின் பணிகள்' என்ற நூலில் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடெசா நகரத்தில், சிரியாக் மொழியில் எழுதப்பட்ட நூல் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எடெசா இன்றைய துருக்கியில் உள்ள உர்ஃபா.

அந்தக் கதை சுவையானது. இந்தியாவுக்குப் போக மாட்டேன் என்று தோமா அடம் பிடிக்கிறார். உடனே ஏசுவே அவரை ஹப்பான் என்ற வணிகனுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார்! வணிகன் அவரைக் குந்தபார் என்ற அரசனிடம் கொண்டுபோகிறான். தோமா தச்சுவேலையும் கட்டட வேலையும் தெரிந்தவர். அரண்மனை கட்டச் சொல்லி அரசன் பணம் கொடுக்கிறான். தோமா அதை ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று அரசன் கேட்டால், நீ இறந்த பிறகு பார்ப்பாய் என்கிறார். கோபம் வராதா? சிறையில் போடுகிறான். அந்த நேரத்தில் அரசனின் தம்பி இறந்து, விண்ணுலகில் அண்ணனுக்காகக் கட்டப்பட்ட மாளிகையைக் கண்டு, உயிர் பெற்றுத் திரும்பி வந்து சாட்சி சொல்கிறான்.

இதை வரலாறு என்று யார் ஏற்பார்கள்? திருச்சபையே இந்த நூலைப் புனித நூல்களின் வரிசையில் சேர்க்கவில்லை. குந்தபார் என்ற அரசனையும் கற்பனைப் பாத்திரம் என்றே பலர் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் பழைய நாணயங்கள் கிடைத்தன. அவற்றில் கொண்டோபாரஸ் என்ற பார்த்திய அரசனின் பெயர் இருந்தது. பின்னர் இன்றைய பாகிஸ்தானில் உள்ள தக்த்-இ-பாஹி கல்வெட்டும் கிடைத்தது. அந்த அரசனின் 26-ஆம் ஆட்சி ஆண்டை அது குறிக்கிறது. அதைக் கி.பி. 46 வாக்கில் வைப்பது பலரும் ஏற்கும் கணக்கு. அதாவது, தோமா வாழ்ந்த அதே காலம்.

இங்கே நாம் அவசரப்படக்கூடாது. அரசன் உண்மை என்பதால் அரண்மனைக் கதையும் உண்மையாகிவிடாது. நம் நாட்டார் கதைகளில் கட்டபொம்மன் வருகிறார், கதையில் வருகிற எல்லாமே நடந்ததா என்ன? ஆனால் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கோ எடெசாவில் எழுதிய ஒருவருக்கு, உலகமே மறந்துபோன ஓர் அரசனின் பெயர் எப்படித் தெரிந்தது? ஏதோ ஒரு பழைய நினைவு அவர் கைக்கு வந்திருக்கிறது. இதுவே என் கருத்து.

இது வடமேற்கு இந்தியா. தென்னாட்டுக்கு என்ன சான்று? பாதை இருந்தது என்பதே முதல் சான்று. செங்கடல் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாக ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். பருவக்காற்று கை கொடுத்தால் அரேபியக் கரையிலிருந்து நாற்பது நாளில் முசிறிக்கு வந்துவிடலாம் என்கிறார் பிளினி. யவனர் கப்பல்கள் தங்கம் கொடுத்து மிளகு வாங்கிப் போனதை நம் அகநானூறும் சொல்கிறது. மிளகு வாங்க வந்த கப்பலில் ஒரு யூதத் தச்சர் ஏறி வந்திருக்க முடியாதா? முடியும். வந்தார் என்பதற்கு இது போதுமா? போதாது.

மயிலாப்பூர் கல்லறை விஷயம் இன்னும் சிக்கலானது. தோமாவின் எலும்புகள் நான்காம் நூற்றாண்டிலேயே எடெசாவில் இருந்தன. 373-இல் காலமான புனித எப்ரேம், அவற்றை ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்ததாகப் பாடியிருக்கிறார். 1144-இல் எடெசா வீழ்ந்த பிறகு அவை கிரேக்கத் தீவான கியோசுக்குப் போயின என்பது மரபு. 1258-இல் அங்கிருந்து இத்தாலியின் ஓர்த்தோனா நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். உடல் முதலில் இந்தியாவில் கிடந்தது என்று ஆறாம் நூற்றாண்டில் தூர்ஸ் நகர ஆயர் கிரகோரியும் எழுதினார். ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சோழமண்டலக் கரையில் இருந்த கல்லறையைப் பற்றி எழுதுகிறார். கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வணங்க வந்தார்களாம். அந்த இடத்துச் செம்மண்ணை நோயாளிகளுக்கு நீரில் கலந்து கொடுத்தார்களாம். தோமா இறந்த விதத்தையும் சொல்கிறார். தோமா பிரார்த்தனை செய்துகொண்டிருந்த இடத்தைச் சுற்றி மயில்கள் நின்றன. வேடன் ஒருவன் மயிலைக் குறிபார்த்து விட்ட அம்பு அவர்மேல் பாய்ந்துவிட்டதாம். மயில் பெயர் கொண்ட ஊருக்கு மயில் கதை! ஈட்டிக் கதைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். நேரில் போனால் உள்ளூர்க் காவலாளி எத்தனை கதை சொல்வார் என்று நமக்குத் தெரியாதா?

பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1523-இல் கல்லறையைத் தோண்டினார்கள். 1547-இல் பரங்கிமலையில் ஒரு கற்சிலுவையைக் கண்டெடுத்தார்கள். அதில் செதுக்கியிருப்பது பாரசீகத்தின் பகலவி எழுத்து. முதல் நூற்றாண்டுச் சிலுவை அல்ல அது. ஆனால் போர்ச்சுகீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இருந்ததற்கு அசைக்க முடியாத சாட்சி. மயிலாப்பூரில் இன்னொன்றும் நடந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது, இன்றைய கோயில் பின்னர் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அந்தக் குற்றத்தைத் தோமையார் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. அவர் காலத்துக்கும் அதற்கும் இடையில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள்.

அவர்கள் கிறிஸ்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1599-இல் கோவா பேராயர் மெனேசிஸ் உதயம்பேரூரில் ஒரு மாமன்றம் கூட்டினார். தோமாவின் வழிமுறை வேறு, பேதுருவின் வழிமுறை வேறு என்று மலபார் கிறிஸ்தவர்கள் சொல்லிவந்ததை அது தவறு என்று தீர்த்தது. பிழையானவை என்று முடிவு கட்டப்பட்ட சிரியாக் நூல்கள் தீயிடப்பட்டன. கல்லறைக்கு மாலை போட்டவர்களே, அந்தத் தூதரைப் பற்றி உள்ளூரார் வைத்திருந்த ஏடுகளை எரித்தார்கள்! எந்த ஏட்டில் என்ன இருந்ததோ? சான்று எங்கே என்று இன்று கேட்கும்போது இந்தத் தீயை நான் மறப்பதில்லை.

1653-இல் மட்டாஞ்சேரியில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். சிலுவையில் கயிற்றைக் கட்டி, ஆயிரக்கணக்கானோர் அதைப் பிடித்துக்கொண்டு, இயேசு சபையினருக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சபதம் செய்தார்கள். கயிறு இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்ததாம். அதனால் 'கூனன் குரிசு' சத்தியம் என்று பெயர். அதன் பிறகு அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவருக்கு வைத்த பெயர் முதலாம் மார்த்தோமா.

வந்தாரோ இல்லையோ, அந்தப் பெயர் அந்த மக்களுக்கு வாளும் கேடயமுமாக நின்றிருக்கிறது. 2006-இல் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் ஆற்றிய உரை ஒன்று, தோமா தென்னிந்தியாவுக்கு வரவில்லை என்ற பொருள் தருவதாகக் கேரளத்தில் பெரும் சர்ச்சை எழுந்ததற்கும் காரணம் இதுதான். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து குடியேறிய மலையாளிகளில் சிரியன் கிறிஸ்தவர்களும் உண்டு. மார்த்தோமா என்ற பெயரைத் தங்கள் தேவாலயத்தோடு இங்கும் கொண்டுவந்தார்கள். உங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒரு தோமஸ் அங்கிள் இருக்கலாம். அவரிடம் 52-ஆம் ஆண்டுக்குச் சான்று கேட்டுப் பாருங்கள், ஒருவேளை மார்க்கம் களிப் பாட்டைத்தான் பாடிக் காட்டுவார். விளக்கைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் ஆடும் ஆட்டம் அது. அந்தப் பாட்டிலும் அரண்மனைக் கதை வருகிறது. கட்டச் சொல்கிற அரசன் மட்டும் பார்த்தியன் அல்ல, சோழன்.