யாழ்ப்பாண விறாந்தையின் சாய்மனைக் கதிரை: ஒரு தளபாட வரலாறு

யாழ்ப்பாணத்தில் பழைய கதிரை விற்க வருபவர் வாய் திறந்ததும் சொல்வது, "இது ஒல்லாந்தர் காலத்துச் சாமான்" என்பது. வாங்க வருபவருக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை 1658 இல் பிடித்து 1795 இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அந்த 137 ஆண்டுகளில் செய்த கதிரைகள் இத்தனை வீடுகளில் தப்பியிருக்க வேண்டுமானால் இந்த மண்ணில் கறையானும் இருந்திருக்கக் கூடாது, யுத்தமும் நடந்திருக்கக் கூடாது. குடாநாட்டு விறாந்தைகளில் எஞ்சியிருக்கும் சாய்மனைக் கதிரை, ஆடுகதிரை, பிரம்பு பின்னிய கைக்கதிரை ஆகியவற்றுள் பெரும்பாலானவை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1950களுக்கும் இடையில் வந்தவை என்பது இக்கட்டுரையின் கருத்து. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தவை அரச உத்தியோகமும் மலாயாப் பென்சனும். இதற்கான ஆதாரங்களுள் சில கதிரையின் காலடியிலேயே, தரையில் இருக்கின்றன.

கதிரைக்கு முந்திய வீடு

நடுவே முற்றம் வைத்த நாற்சார் வீட்டில் இருப்பதற்கெனத் தனிச் சாமான் அதிகம் வேண்டியிருக்கவில்லை. கட்டும்போதே இருக்கையையும் சேர்த்துக் கட்டினார்கள். தலைவாசலில் திண்ணை, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் விளிம்பில் குந்து, தெருவில் போகிறவர் வெயிலுக்கு ஒதுங்க, வளவு வாசலில் சங்கடப்படலையின் கூரைக்குக் கீழே திட்டு. பருத்தித்துறையின் தெருமூடி மடத்தில் இந்த ஏற்பாட்டின் பொது வடிவத்தை இன்றும் பார்க்கலாம்: தெருவை மூடிய கூரை, இரு பக்கமும் வழிப்போக்கர் இளைப்பாறும் திண்ணை. வீட்டுக்குள் பனையோலைப் பாயும், ஒருவர் மட்டும் இருக்கக்கூடிய தடுக்கும், சாப்பிட இருக்கும் பலகையும் போதுமாக இருந்தன.

போர்த்துக்கேயர் 1619 இல் இராச்சியத்தைக் கைப்பற்றினர். நாற்பது ஆண்டுகூட நிலைக்காத அந்த ஆட்சி கதிரை, மேசை, அலுமாரி என்ற சொற்களை விட்டுச் சென்றது. சொல் பரவிய வேகத்தில் பொருள் பரவவில்லை. தெற்கே கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில், அங்கு முதுகுசாய்வுள்ள ஆசனம் அரசனுக்கு மட்டுமே உரியது என்று எழுதினார். குடிமக்கள் சாய்வில்லாத முக்காலியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இது யாழ்ப்பாணத்துச் சட்டம் இல்லைத்தான். ஆனால் முதுகைச் சாய்ப்பது ஓர் அதிகாரம் என்ற எண்ணம் இந்தத் தீவில் எவ்வளவு பழையது என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஒல்லாந்தர் உண்மையில் விட்டுச்சென்றவை

17 ஆம் நூற்றாண்டின் கிழக்கிந்தியக் கம்பனித் தளபாடங்களுள் இரண்டு வகைகள் எளிதில் அடையாளம் காணத்தக்கவை. முதலாவது, சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் செய்த தாழ்ந்த கருங்காலிக் கதிரை. இருக்கை பிரம்புப் பின்னல், கால்களும் கம்பங்களும் முறுக்குக் கடைச்சல், முதுகில் அடர்ந்த பூவேலை. 18 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுத்தாளர் ஹொறேஸ் வால்போல் இத்தகைய கருங்காலிக் கதிரைகளைத் தம் நாட்டுத் தியூடர் அரசர் காலத்தவை என்று நம்பி வாங்கிச் சேர்த்தார். எங்கள் கரைத் தச்சரின் உளிவேலைக்கு ஆங்கில அரசவையின் பெயர் கிடைத்தது! பழைய கதிரைக்குத் தவறான காலம் கற்பிப்பது யாழ்ப்பாணத்தாரின் தனிச்சொத்து இல்லை என்று இதிலிருந்து ஆறுதல் கொள்ளலாம்.

இரண்டாவது, பிற்காலத்தார் 'பர்கோமாஸ்டர் கதிரை' என்று பெயரிட்ட வட்டக் கதிரை. பிரம்பு பின்னிய வட்ட இருக்கை, அதைத் தாங்கும் ஆறு கால்கள், அரைவட்டமாக வளைந்து வரும் தாழ்ந்த முதுகு, அதில் நீள்வட்டச் செதுக்குப் பலகைகள். எப்பக்கம் திரும்பி இருந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். நீண்டநேரம் இருந்தால் எப்பக்கமும் நோகும். இவ்வகைக் கதிரைகளைப் பற்றி ஜோசப் பியர்சன், ஆர். எல். புறோகியர், யான் வீனென்டால் ஆகியோர் விரிவாக எழுதியுள்ளனர். கொழும்புப் புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால அரும்பொருட்சாலையிலும், 1757 இல் கட்டி முடிந்த வுல்பெண்டால் தேவாலயத்திலும் அசல்களை நேரில் பார்க்கலாம். ஆனால் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706 இல் எழுந்த ஒல்லாந்தரின் சிலுவைக் கோயில் 1990களின் யுத்தத்தில் அழிந்து போனது.

இந்த அசல்களைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால், நம் விறாந்தைக் கதிரைகளுக்கும் அவற்றுக்கும் உறவு மிகத் தூரம் என்பது தெரியும். அவை கம்பனி அதிகாரிகளுக்கும் தேவாலயத்துக்கும் உரியனவாக இருந்தவை. திண்ணையில் இருந்த ஊரவருக்கு அவை காட்சிப் பொருள்கள்.

யார் இருப்பது, யார் நிற்பது

கதிரை ஊருக்குள் பரவியது ஆங்கிலேயர் காலத்தில். உடையார், மணியகாரர் ஆகிய ஊர்த் தலைமைக்காரர், பிறகு நொத்தாரிசு, எழுதுவினைஞர் என்று பதவி பரவிய வழியிலேயே அது போயிற்று. அதனால் யாழ்ப்பாணத்தில் கதிரை ஒருபோதும் வெறும் சாமானாக இருந்ததில்லை. வந்தவரைக் கதிரையில் இருத்துவதா, வாங்கிலா, குந்திலா, பாயிலா, முற்றத்தோடு நிற்கவைத்தே பேசி அனுப்புவதா என்பது சாதியையும் உறவையும் பார்த்து ஒரு கணத்தில் தீர்மானமாகிவிடும். பேச்சில் ஒரு வசைச்சொல் வராமலே அவமதிப்பு முடிந்துவிடும்.

பாடசாலைகளிலும் இதே அடுக்கு இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க முடியாமல் நிலத்தில் இருந்து படித்தார்கள். 1920களின் கடைசியில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று கல்வி அதிகாரிகள் உத்தரவிட்டபோது குடாநாடு கொதித்தது. எதிர்த்தவர்கள் மனுக் கொடுத்தார்கள். சில பாடசாலைகளுக்குத் தீயும் வைத்தார்கள். ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தை ஆதரித்து நின்றது. தேநீர்க் கடைகளில் கதிரைக்கும் வாங்குக்குமான போராட்டம் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது; சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல்தான் வந்தது. இங்கு தளபாட வரலாறு எழுதுகிறவர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போனால், கடைசியில் கையில் இருப்பது மரவகைப் பட்டியல் மட்டும்தான். விறாந்தையில் அழகாகத் தெரியும் ஒரு கைக்கதிரைக்கு முன்னால் எத்தனையோ பேர் நின்றபடியே பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆடுகதிரையும் தரையும்

ஆடுகதிரைக்கு வேறு வழி. 1815 ஒக்டோபரில் அமெரிக்காவின் நியூபெரிபோர்ட் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட டிறையட் கப்பல் 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. அதில் வந்த அமெரிக்க மிஷனரிகள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலய வளவுகளைத் திருத்திக் குடியேறினார்கள்; டானியல் பூவர் தெல்லிப்பழையில் இருந்தார். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி, அடுத்த ஆண்டு உடுவில் பெண்கள் பாடசாலை, 1847 இல் மருத்துவர் சாமுவேல் கிறீன். இவர்களுடைய தாயகமான நியூ இங்கிலாந்தில் ஆடுகதிரை ஏற்கெனவே வீட்டுச் சாமான். அங்கே 1820களில் உருவான 'பொஸ்ரன்' ஆடுகதிரை அந்நூற்றாண்டு முழுவதும் அமெரிக்க வீடுகளை நிறைத்தது.

இன்னொரு வழி ஐரோப்பா. பீச் மரக்கம்பை நீராவியில் வளைத்துக் கதிரை செய்யும் முறையை மைக்கேல் தோனெற் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1859 இல் வந்த அவருடைய 14 ஆம் இலக்கக் கதிரை கழற்றி அடுக்கத்தக்கது. ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரைகள் அடங்கும். 1860 அளவில் அவருடைய வளைமர ஆடுகதிரை வந்தது. 1869 இல் காப்புரிமை முடிந்ததும் பலர் அதே மாதிரியில் செய்து கப்பலேற்றினார்கள். கால், கை, முதுகு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஒரே வளைவாக ஓடும் ஆடுகதிரையைக் கண்டால் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஒல்லாந்தருக்கு எந்தப் பங்கும் இல்லை.

இனித் தரைக்கு வருவோம். சாணி மெழுகிய மண்தரையில் ஆடுகதிரை ஆடாது. வளைகால்கள் தரையை வெட்டும். நாலு நாளில் பள்ளம் விழும். பாயும் தடுக்கும் மண்தரைக்கு உரியவை. ஆடுகதிரைக்கு மட்டமான கெட்டித்தரை வேண்டும். நியூ இங்கிலாந்தில் அது பலகைத்தரை, யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புச் சாந்தும் பிறகு சீமெந்தும். எனவே ஊர் வீடுகளில் ஆடுகதிரையின் வரவைத் தேட வேண்டிய இடம், இழைத்து மினுக்கிய சிவப்புச் சீமெந்து விறாந்தைகள் எழுந்த காலம்.

அந்த விறாந்தைகளைக் கட்டிய பணம் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் இரயில்வேக்கும் அரச கந்தோர்களுக்கும் போனார்கள். காசுக்கட்டளை வந்தது, கல்வீடு எழும்பியது. வயது போனதும் ஆளே பென்சனோடு திரும்பி வந்தார். காலையில் பத்திரிகை, கையில் விசிறி, விறாந்தையில் சாய்மனைக் கதிரை. 1905 இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை இரயில் பாதை முழுமையானதும், தெற்கில் மொறட்டுவைத் தச்சர் செய்த தளபாடங்கள் வடக்கே வர வழி எளிதாயிற்று. உள்ளூர்த் தச்சரும் அவற்றைப் பார்த்துப் பலாவிலும் வேம்பிலும் வன்னி முதிரையிலும் செய்தார்கள்.

சாய்மனைக் கதிரையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். இரண்டு சட்டங்கள் கத்தரிபோல் குறுக்கிட்டு மடங்கும். பின்சட்டத்தைத் தாங்கும் குறுக்குக் கம்பு, அடிச்சட்டத்தில் வெட்டிய மூன்று நான்கு பள்ளங்களில் ஏதாவது ஒன்றில் உட்காரும். பள்ளத்தை மாற்றினால் சாய்வு மாறும். தடித்த துணியின் இரு நுனியிலும் குழல்போல் மடித்துத் தைத்து, அதனுள் கம்பைச் செருகிச் சட்டத்தில் மாட்டுவார்கள். அந்தக் கம்பை உருவிவிட்டுத் தாத்தா வந்து இருக்கும்வரை கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பேரப்பிள்ளைகள் இல்லாத ஊர் கிடையாது. இதன் பெரிய வடிவத்தில் கைகள் முழங்காலைத் தாண்டி நீளும்; கைக்குக் கீழே மடங்கியிருக்கும் பலகையை வெளியே திருப்பினால் கால்களைத் தூக்கி வைக்கலாம். அது மலைநாட்டுத் தோட்டத் துரைமாரின் கதிரை.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கதிரையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவுநிலைகூட இல்லை. 2002 இல், யுத்தத்தால் மூடியிருந்த ஏ-9 பாதை திறந்ததும், மிஞ்சியவற்றைத் தேடித் தெற்கிலிருந்து லொறிகள் வந்தன. அந்தக் காலத்தில் தூண், கதவு, கதிரை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பிளாஸ்ரிக் கதிரை வாங்கிய வீடுகள் உண்டு. கூரை போட வேண்டியவர் வேறென்ன செய்வார்?

வாங்குவதானால்

இந்த வரலாறு தெரிந்தால் கதிரை பார்க்கும் கண் மாறும். முகப்புப் பூவேலையை விட்டுவிட்டுக் கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நேர்க்கோடாக ஓடும் வாள்வடு கைவாளுடையதாக இருக்கலாம். பிறைபோல் வளைந்த வடு வட்டவாளுடையது, அதாவது இயந்திர ஆலை வந்த பின் அறுத்த மரம். நுனி மொட்டையான திருகாணி 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்கலாம். கூர் நுனியுள்ளது பிந்தியது. துளையில் முளை இறக்கி மரஆணி அடித்த பொருத்து நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டும் வயதைச் சொல்லாது. பழைய முறையில் வேலை செய்த தச்சர் அண்மைக்காலம் வரை இருந்தார்கள். பிரம்பிருக்கையின் விளிம்பில் வரிசையாகத் துளைகள் இருந்தால் கையால் பின்னியது. துளை இல்லாமல் ஒரு கீறுபள்ளத்தில் பின்னலை அழுத்தி ஒட்டியிருந்தால் இயந்திரப் பின்னல் வந்த பிறகு செய்தது. பின்னல் அறாமல் தொய்ந்து மட்டும் இருந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்துக் காயவிட, ஓரளவு இறுகும்.

மரத்தில் முதிரை என் முதல் தெரிவு. மஞ்சள் மினுக்கம், அலையோடும் வைரம், கையில் தூக்கினால் தெரியும் பாரம். கருங்காலி அதைவிடப் பாரம், தண்ணீரில் தாழும். ஆனால் நாளாந்தம் இருந்தெழும்பும் கதிரைக்கு அது வீண் செலவு. பலா நல்ல நடுவழி. வளைமரக் கதிரையில் கவனம் வேண்டும்: பீச் மரம் எங்கள் பூச்சிகளுக்கு இனிப்பு. ஊசித்துளைகள் இருந்தால் கதிரையை வெள்ளைக் கடதாசிமேல் தட்டுங்கள். புதுத்தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது.

ஆடுகதிரையைக் கட்டாயம் சீமெந்துத் தரையில் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடிக்கொண்டே ஒரு பக்கமாக நகர்ந்தால் இரு வளைகால்களின் வளைவும் ஒன்றல்ல, அல்லது ஒன்று தேய்ந்திருக்கிறது. கால் வளைகாலுக்குள் இறங்கும் பொருத்தில் வெடிப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். முழுப் பாரமும் அங்கேதான் விழும். வீட்டில் முதியவர் பாவிக்கப் போகிறார் என்றால் தாழ்ந்த சாய்மனைக் கதிரையைத் தவிருங்கள். அது இருக்கச் சுகம், எழும்ப இன்னொருவர் வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவினர் சிலர் ஊர்க் கதிரையைக் கனடாவுக்கோ இலண்டனுக்கோ கொண்டுபோக விரும்புகிறார்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் என்று கொள்ளப்படும் எதையும் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே "ஒல்லாந்தர் காலம்" என்று விற்பவர் சொல்வது உண்மையானால் அனுமதி வேண்டும். பொய்யானால் அந்த விலை வேண்டாம். எப்படியானாலும், கதிரை வீட்டைவிட்டுப் போகுமுன் அதைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் சில படங்கள் எடுங்கள். எந்த மரம், செய்த தச்சர் யார், எந்த ஊர், யார் வாங்கினார், யார் இருந்தார் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். யாழ்ப்பாணத் தச்சரின் வேலையைப் பற்றி இனி எழுத வருபவருக்கு அந்தக் கடதாசி வேண்டும்.