தந்தை விலகினால் பாரம் யாருக்கு?

மணமாகாத ஆண், தான் விரும்பாத பிள்ளையின் பொறுப்பிலிருந்து சட்டப்படி விலகலாமா எனும் வினாவைச் சிலர் புதிய சிந்தனையாக முன்வைக்கின்றனர். வரலாற்றைப் புரட்டினால் இது புதியதன்று என அறிகிறோம்.

1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 340-ஆம் பிரிவு, மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையின் தந்தை யாரென நீதிமன்றத்தில் நிறுவுவதைத் தடை செய்தது. பெண்ணைக் கடத்திச் சென்ற வழக்கு மட்டுமே விதிவிலக்கு. அடுத்த பிரிவோ தாய் யாரெனத் தேடுவதற்கு இடமளித்தது! ஆண் தானாக ஏற்றுக்கொண்டால் தந்தை, இல்லையேல் யாரோ.

பொறுப்பு மறைந்துவிடவில்லை, கைமாறியது. 1811-ஆம் ஆண்டு ஆணைப்படி, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லங்களின் சுவரில் சுழலும் பெட்டிகள் அமைக்கப்பட்டன. ஏழைத் தாய் முகம் காட்டாமல் குழந்தையை அதில் வைத்துச் சென்றாள். வளர்ப்புச் செலவைப் பொதுப்பணம் சுமந்தது. 108 ஆண்டுகள் கழித்து, 1912-இல்தான் எழுத்துமூல ஒப்புதல், மணப்பதாகச் சொல்லி ஏமாற்றியமை போன்ற சில நிலைகளில் தந்தைமீது வழக்குத் தொடுக்க வழி பிறந்தது.

பெண்ணுக்குத் தெரிவு உண்டெனில் ஆணுக்கு இல்லையா எனக் கேட்போரின் மனக்குறை எனக்கு விளங்காமலில்லை. ஆயினும் இவ்வழக்கில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. பிறக்க வேண்டுமென அக்குழந்தை யாரிடமும் விண்ணப்பித்ததில்லை. பெற்றோரும் ஆசிரியரும் முதலில் அதன் பக்கம் நின்று சிந்திப்போம்.