நிலாவுக்கு ஒரு டிக்கெட், 50 செண்ட்

தீம் பார்க்ல "நிஜமாவே விண்வெளிக்குப் போன மாதிரி இருக்கும்"னு சொல்ற ரைடு வாசல்ல நிக்கறப்போ எல்லாருக்கும் ஒரே கேள்விதான். உள்ள என்னங்க இருக்கும்? அதுக்கான பதில் 1901லயே ரெடி. நீங்க ஓர் அடிகூட முன்னால போக மாட்டீங்க, ஆனா போன மாதிரி வயித்தைக் கலக்கும்.

அந்த வருஷம் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் பான்-அமெரிக்கன் பொருட்காட்சி நடந்தது. ஃப்ரெடரிக் தாம்சன் என்கிற இளைஞர் அங்கே "நிலாவுக்கு ஒரு பயணம்"னு ஒரு கொட்டகை போட்டார். டிக்கெட் 50 செண்ட். பக்கத்துல இருந்த மத்த வேடிக்கைகளை விட ரெண்டு மடங்கு விலை! ஆனாலும் லட்சக்கணக்கில் கூட்டம்.

உள்ளே நடுவில் 'லூனா'ன்னு ஒரு கப்பல், பெரிய இறக்கைகளோட. சுமார் முப்பது பேர் ஏறி உக்காரலாம். மணி அடிச்சதும் இறக்கை அடிச்சுக்கும், கப்பல் லேசா ஆடும், முகத்துல காத்து வீசும். கீழே நயாகரா தெரியும், அப்புறம் பூமி சின்னதாகிட்டே போகும். நடுவுல இடி மின்னலோட ஒரு புயல் வேற. நகர்ந்ததெல்லாம் சுத்தியிருந்த திரைச்சீலைகள்தான். எழும்பூர்ல நம்ம ரயில் நின்னுட்டிருக்கும்போது பக்கத்து ரயில் கிளம்பினா, நாமதான் கிளம்பிட்டோம்னு ஒரு நொடி தோணும் இல்லையா, அதே ஏமாத்துதான். 1987ல டிஸ்னிலாந்துல வந்த 'ஸ்டார் டூர்ஸ்' விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற சிமுலேட்டரை வச்சுப் பண்ணினது. மெஷின் புதுசு, வித்தை பழசு.

நிலாவுல இறங்கினா குகை, அரண்மனை, நடனம். உயரம் குறைஞ்ச மனுஷங்களுக்கு வேஷம் போட்டு நிலாவாசிகளா நிறுத்தியிருந்தாங்க. (அந்தக் காலத்துல அவங்களுக்குக் கிடைச்ச வேலையே இப்படித்தான், என்னத்தச் சொல்ல.) சாப்பிட பச்சை சீஸ் துண்டு வேற கொடுத்தாங்களாம்!

பொருட்காட்சி முடிஞ்சதும் கப்பல் 1902ல நியூயார்க் கோனி ஐலண்டில் ஸ்டீபிள்சேஸ் பார்க்குக்குப் போச்சு. ஒரு சீசன்தான். தாம்சனும் அவர் கூட்டாளி டண்டியும் தனியா பிரிஞ்சு, பக்கத்துல இருந்த ஸீ லயன் பார்க்கைக் கையில எடுத்தாங்க. அதோட சேர்ந்து டாப்ஸியும் வந்தது.

டாப்ஸி ஒரு பெண் யானை. தென்கிழக்கு ஆசியாவில் குட்டியா பிடிச்சு சர்க்கஸுக்கு வித்தது. அந்த வருஷம்தான் ஒரு ஆளைக் கொன்னுருந்தது. அந்தாளு அதைச் சீண்டினார்னு சொல்றாங்க. புது பார்க் கட்ட மரம் இழுக்கிற வேலையை அதுக்குக் கொடுத்தாங்க. அந்த லூனா கப்பலை ஸ்டீபிள்சேஸ்ல இருந்து புது இடத்துக்கு நகர்த்தினதும் டாப்ஸிதான்! செஞ்ச பாவத்துக்குப் பரிகாரம்னு பத்திரிகைகள் எழுதுச்சு.

வேலை முடிஞ்சதும் யானையை வச்சுச் சமாளிக்க முடியலை. டிக்கெட் போட்டுப் பொதுவுல தூக்கில் போடலாம்னு யோசிச்சாங்க. விலங்குவதைத் தடுப்புச் சங்கம் எதிர்த்ததால அது நடக்கலை. 1903 ஜனவரி 4ம் தேதி, அழைச்சவங்க முன்னாடி, கேரட்டில் சயனைடு வச்சுக் கொடுத்து, 6,600 வோல்ட் மின்சாரம் பாய்ச்சி, கழுத்தையும் நெரிச்சுக் கொன்னாங்க. எடிசன் தன் கரண்ட் சண்டைக்காகப் பண்ணினார்னு சுத்திட்டிருக்கற கதை தப்பு. அந்தச் சண்டை பத்து வருஷம் முன்னாடியே முடிஞ்சுபோச்சு. படம் பிடிச்சது மட்டும் அவர் கம்பெனி.

மே 16ம் தேதி ரெண்டரை லட்சம் பல்பு வெளிச்சத்தில் 'லூனா பார்க்' திறந்தது. கப்பல்தான் அங்கே பெரிய கவர்ச்சி. துருக்கியிலயும் கிரீஸ்லயும் இன்னிக்கும் கேளிக்கைப் பூங்கான்னாலே லூனாபார்க்தான்.

1944ல கோனி ஐலண்டின் லூனா பார்க் தீப்பிடிச்சு எரிஞ்சது. டாப்ஸி படம் இருக்கு, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. நான் ஒரு தடவை பார்த்தேன். ரெண்டாவது தடவை பார்க்கலை.