மாணவர் நலம், ஆசிரியர் நலம்: கேள்விகள் பிறந்த வரலாறு



டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு இடங்கள் நன்றாகத் தெரியும். ஒன்று, கிரீன் லேனில் உள்ள பினாங்கு பிரீ ஸ்கூல். 1816-இல் தொடங்கிய பள்ளி அது. அந்த ஆண்டை வைத்துத்தான் 2016-இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். இன்னொன்று, தெற்கே குளுகோரில் உள்ள ரெக்சாம். தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்களின் அமைப்பான சீமியோ, அறிவியல், கணிதக் கல்விக்காக 1967-இல் அமைத்த மையம். பல நாட்டு ஆசிரியர்கள் இங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள், ஆய்வுகளைப் பகிர்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 150 ஆண்டுகள். அவ்வளவு காலமும் பள்ளிப் பதிவேடு முக்கியமாகக் கேட்டது இரண்டே கேள்விதான்: பிள்ளை வந்தானா? எவ்வளவு மதிப்பெண்? "நல்லா இருக்கியா?" என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

மாற்றத்தின் முக்கியமான படி 5 அக்டோபர் 1966. அன்று பாரிஸில், யுனெஸ்கோவும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் கூட்டிய மாநாடு ஆசிரியர் தகுநிலை குறித்த பரிந்துரையை ஏற்றது. மாணவர் நன்றாகக் கற்க உதவும் வகையில் ஆசிரியரின் பணிச்சூழல் அமைய வேண்டும் என்றது அது. 1994 முதல் அந்த நாளே உலக ஆசிரியர் தினம். மாணவர்களே, இங்கே குழம்ப வேண்டாம். நம் நாட்டு ஆசிரியர் தினமான மே 16, 1956-இல் ரசாக் அறிக்கையைச் சட்டமன்றம் ஏற்ற நாள்.

அடுத்து, ஓ.இ.சி.டி. நடத்தும் தாலிஸ் ஆய்வு. ஆசிரியர்களையே நேரடியாகக் கேட்கும் பன்னாட்டு ஆய்வு அது. மலேசியா 2008-லும் 2013-லும் பங்கேற்றது. "சமுதாயம் ஆசிரியர் தொழிலை மதிக்கிறதா?" என்ற கேள்விக்கு 2013-இல் மலேசிய ஆசிரியர்களில் 84 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். பங்கேற்ற நாடுகளின் சராசரி 31 மட்டுமே. பெருமைதான். ஆனால், மதிப்பு வேறு, மன அழுத்தம் வேறு. மன அழுத்தம் பற்றிய கேள்விகள் 2018 சுற்றில் விரிவாகச் சேர்ந்தபோது, அந்த 48 நாடுகள், பொருளாதாரங்களின் பட்டியலில் மலேசியா இல்லை.

மாணவர் பக்கமும் இதே கதைதான். 15 வயதினருக்கான பீசா ஆய்வு, 2015 சுற்றில் மாணவர் நலனுக்கென்றே தனித் தொகுதி வெளியிட்டது. அந்தச் சுற்றில் பள்ளிகளின் பங்கேற்பு 85 விழுக்காடு இருக்க வேண்டும். நமக்குக் கிடைத்தது 51. காரணம் எதுவானாலும், மலேசிய முடிவுகளை மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாமல் போனது. 2018-இல் முறையாகக் கலந்துகொண்டபோதுதான் ஓர் உண்மை வெளியே வந்தது: மாதத்தில் சில முறையாவது பகடிவதைக்கு ஆளாவதாக நம் மாணவர்களில் 36 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஓ.இ.சி.டி. சராசரி 23. கேட்டதால்தானே தெரிந்தது!

இப்போது நம் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் எல்லாமே தொடக்கப்பள்ளிகள். பீசா கேட்பதோ இடைநிலைப்பள்ளி வயதினரை. அதுவும் மலாயிலும் ஆங்கிலத்திலும். நாம் பங்கேற்ற தாலிஸ் சுற்றுகளும் கீழ்நிலை இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களையே கேட்டன. ஆக, முதலாம் ஆண்டுப் பிள்ளையின் பயமும், அந்த வகுப்பு ஆசிரியரின் களைப்பும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

ஆசிரியர்களே, அந்தக் கேள்விகளை நாம் தமிழில் கேட்கலாம். ஒரே வட்டாரத்தில் நாலைந்து பள்ளிகள் சேர்ந்து, பெயர் கேட்காத ஒரு சிறு வினாத்தாளை ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்தாலே தொடக்கம் ஆகிவிடும். பதில்களைப் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் தரவு கேட்டு வரும்போது, கொடுக்க நம்மிடமும் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?