காவல் கூலியும் மகமையும்: ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஊர்ப் பாதுகாப்பு நிதி

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதி இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி போன்ற பாளையங்கள் இதைச் சுற்றி இருந்தன. போலீஸ் வருவதற்கு முன் இங்கே ஊரையும் உடைமையையும் காத்தது 'காவல்' என்னும் ஏற்பாடு. அதற்கான செலவை நிலமும் மாடும் உடையவர்களே ஏற்றார்கள்.

காவல் இருவகைப்பட்டது. ஓர் ஊரின் வீடு, களம், கால்நடை ஆகியவற்றைக் காப்பது ஸ்தலக்காவல். பல ஊர்களையும் அவற்றுக்கு இடையிலான வழிகளையும் பாளையக்காரர் காப்பது தேசகாவல். கூலி விளைச்சலில் ஒரு பங்காகவோ பணமாகவோ கொடுக்கப்பட்டது. களவு போன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும். இன்றைய காப்பீட்டில்கூட இவ்வளவு தெளிவான நிபந்தனை கிடைப்பது அரிது!

ஆனால் கூலி எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமை கொடுப்பவர் கையில் முழுமையாக இல்லை. காவல் வேண்டாம் என்ற ஊரில் களவு கூடியது. காணாமற்போன மாட்டைப் பற்றித் தகவல் சொல்லத் தனியாகத் 'துப்புக்கூலி' கேட்கும் வழக்கமும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் பிடி தளர்ந்தபோது, பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களிலும் தேசகாவல் வசூலித்தார்கள்.

1799, 1801 பாளையக்காரர் போர்களுக்குப் பின் கம்பெனி அந்த உரிமையைப் பறித்தது. 1816இல் கிராமத் தலைவருக்கும் தலையாரிக்கும் காவல் பொறுப்பு சட்டப்படி தரப்பட்டது. 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. என்றாலும் காவல் கூலி மறையவில்லை. போலீஸ் நிலையம் பல மைல் தொலைவில் இருக்க, காவல்காரர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார்.

கூலி கொடுத்தவர்கள் திருப்பி எழுந்த நிகழ்ச்சி வடக்கே, அன்றைய மதுரை மாவட்டத்தின் திண்டுக்கல் பகுதியில் 1896இல் நடந்தது. ஊரார் கள்ளர் காவலை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பணம் திரட்டி ஒரு பொது நிதி வைத்தார்கள். 'ஃபண்ட்' என்ற ஆங்கிலச் சொல் ஊர்வழக்கில் 'பண்டு' ஆயிற்று. மாட்டைப் பறிகொடுத்தவருக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தார்கள். புதிய காவலாட்களை அமர்த்தினார்கள். களவு நடந்தால் ஊரைக் கூட்டக் கொம்பு ஊதினார்கள். திட்டம் நல்லதுதான். ஆனால் சீக்கிரமே அது கள்ளர் வீடுகளுக்குத் தீ வைப்பதிலும் குடும்பங்களை ஊரைவிட்டு விரட்டுவதிலும் போய் நின்றது. ஆங்கில அதிகாரிகள் அந்தச் சமூகம் முழுவதையும் திருடர் என்று எழுதிவைத்தார்கள். அதை மாணவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காவல் அவர்களுடைய பரம்பரைப் பிழைப்பு. அது போனபின் அவர்கள் எதைக்கொண்டு வாழ்வது என்று பண்டு வைத்தவர்கள் யோசிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே சிவகாசி, விருதுநகர் (அன்று விருதுபட்டி) ஊர்களில் வேறொரு வழி உருவாகியிருந்தது. நாடார் வணிகர்கள் மாட்டுவண்டிகளில் சரக்கு கொண்டு சென்ற காலத்தில், வழிப்பறிக்கு அஞ்சி, மதில் சூழ்ந்த பேட்டைகளில் தங்கினார்கள். பேட்டையைப் பராமரிக்க ஒவ்வொருவரும் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியை 'மகமை' என்று கொடுத்தார்கள். விகிதத்தை முடிவு செய்ததும் கணக்கைப் பார்த்ததும் உறவின்முறை, அதாவது கொடுத்தவர்களே கூடிய சபை. காவல் கூலிக்கும் மகமைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். பாதுகாப்புக்காகத் தொடங்கிய பணம் பிறகு கிணறு, கோயில், பள்ளி என்று விரிந்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு மகமையோடு வீட்டுக்கு வீடு பிடியரிசியும் சேர்ந்தது. காமராசர் படித்தது அங்கேதான்.

மகமைக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஒரு சாதியார் தமக்குள் வைத்த நிதி. அதே ஊரில் மற்றவர் தெருவுக்கு விளக்கோ கிணறோ வேண்டுமென்றால் உறவின்முறையிடம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் 1894இல் நகராட்சி ஆனபின், எந்தத் தெருக்காரரும் வரி ரசீதைக் காட்டிக் கேட்க ஓர் இடம் கிடைத்தது.